ஒரே டிரம்மில் போட்ட துணி

மூன்றாவது தடவையும் மிஷின் தண்ணீரை இழுத்துக்கொண்டு, டிரம்மை அரைச் சுற்று தள்ளிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. சியாமளா சமையலறையிலிருந்தே கேட்டாள். அரைச் சுற்று, ஒரு முனகல், பிறகு ஒன்றுமில்லை. அந்த முனகல் பால்கனியிலிருந்து வரவில்லை, படுக்கையறையிலிருந்து வந்தது என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போய்ப் பார்த்தாள். மீனு தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். நான்கு வயது. பகலில் தூங்கவைக்க ஒரு மணி நேரம் கெஞ்சவேண்டிய பெண், இன்று காலை பத்து மணிக்குத் தானாகவே போய்ப் படுத்தவள், இரண்டாகியும் எழுந்திருக்கவில்லை. நெற்றி சில்லென்றிருந்தது. ஜுரம் இல்லையே, அதுவரைக்கும் நல்லது என்று சியாமளா சமாதானம் செய்துகொண்டாள். சமாதானம் செய்துகொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

காலையிலும் அப்படித்தான். அவள் கணவன் ஷ்யாமின் ஆபீஸ் நண்பன் ஸ்ரீவத்சன் ஞாயிற்றுக்கிழமை அணைப் பக்கம் குளிக்கப் போனவன், தண்ணீரோடு போய்விட்டான். இரண்டு நாள் கழித்துத்தான் உடம்பு கிடைத்தது. இன்று விடியற்காலையில் எரித்துவிட்டு ஷ்யாம் நேரே வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூரில் என்றால் வாசலிலேயே தலையோடு தண்ணீர் ஊற்றி, உடுத்திய துணியை வெளியிலேயே நனைத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். இங்கே இந்த மராத்தி ஊரில், ஔந்தில் ஏழாவது மாடியில் ஏது வாசல், லிஃப்ட்தான் இருக்கிறது. குளித்தான், கழற்றிய பேண்ட் சட்டையை மிஷினுக்குள் போட்டான், ஸ்ரீவத்சனின் பெற்றோரோடு இருக்கத் திரும்பிப் போய்விட்டான்.

உள்ளே ஏற்கெனவே மீனுவின் பச்சை கவுன் கிடந்தது. சியாமளா பார்த்தாள். எடுத்திருக்கலாம். பத்தரைக்கு அபார்ட்மெண்ட் சொசைட்டியில் தண்ணீர் நின்றுவிடும், இரண்டு தடவை யார் போடுவது என்று பட்டனை அமுக்கிவிட்டாள். அப்போது மணி பத்து.

இப்போது அவள் மிஷினை ஆட்டிப் பார்த்தாள், காலடியில் அட்டை மடித்துக் கொடுத்தாள், மூடியை நாலு தடவை திறந்து மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. தேஹு ரோட்டு மெக்கானிக் ராம்பிரசாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தாத்தா காலத்திலேயே ராணுவ டிப்போ வேலைக்கு இங்கே வந்த தமிழ்க் குடும்பம் அவனுடையது.

"வஜன், வெயிட்டு பூரா ஒரே பக்கம் ஒக்காந்துக்குது அக்கா. பின்னாடி ட்ரெயின் பைப்ப கழட்டிக் கீழ வுடுங்க, பானி தானா பூடும். அப்பறம் துணிய கலச்சு வுட்டு ஸ்பின் போடுங்க."

பைப்பைக் கீழே இறக்கினாள். சோப்பு வாசனை வரவில்லை. பாசியும் சேறும் பல நாள் தேங்கிய தண்ணீரும் சேர்ந்த ஒரு குளிர்ந்த நாற்றம் பால்கனி முழுக்கப் பரவ, பழுப்பு நிறத்தில் தண்ணீர் அவள் பாதத்தைச் சுற்றி ஓடி, தரை ஓட்டையின் ஜாலி வழியாக இறங்கி, இத்தனை பெரிய டிரம்மா நம்முடையது என்று அவள் யோசிக்கும் அளவுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. அப்படியானால் மிஷின் இந்தத் தண்ணீரை எங்கிருந்து இழுத்தது?

டிரம்முக்குள் கையை விட்டாள். பேண்ட் தனியாக வந்தது. சட்டை வரவில்லை. அதன் கை கவுனின் கையை மூன்று சுற்று சுற்றி இறுக்கியிருந்தது. இழுத்தாள். உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

"அம்மா," என்றாள் மீனு, தூக்கத்தில். தொண்டைக்குள் தண்ணீர் இருப்பவள்போல.

சியாமளா போன் பக்கம் குனிந்தாள். "ராம்பிரசாத், இது மயானத்துக்குப் போட்டுட்டுப் போன துணிப்பா."



"கூட வேற யாரு துணி போட்டீங்க?"

"குழந்தையோடது."

"ப்ளக்க புடுங்குங்க அக்கா. மொதல்ல கொழந்த துணிய எடுங்க. அத எடுக்காம ஸ்பின் மட்டும் வுட்றாதீங்க."

பிடுங்கினாள். வயரை இடது கையில் சுற்றிக்கொண்டாள். கத்தரிக்கோலை எடுத்துவந்து சட்டைக் கையில் வைத்து அழுத்தினாள். வெட்டவில்லை. நகத்தால் கீறினாள். பல்லால் கடித்தாள். வாயெல்லாம் சேறு.

"ஸ்ரீவத்சன், தெரியாமப் பண்ணிட்டேன்," என்றாள். அழுகை வந்துவிட்டது. "இல்ல, தெரிஞ்சேதான் பண்ணேன். என்னைப் பிடிச்சுக்கோங்க. அவளை விட்டுடுங்க."

பிடி தளர்ந்தது. தளர்ந்ததுதான். மறு நொடி கவுன் அவள் விரல்களிலிருந்து நழுவிக் கீழே போய்விட்டது.

மோட்டார் உறுமியது.

மூடி திறந்திருந்தது. ப்ளக் அவள் கையில் இருந்தது. டிரம் திரும்பியது. மெல்ல. கால் சுற்று. அரைச் சுற்று.

பால்கனிக் கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் இருந்த மீனுவின் கால்கள் இப்போது சுவர்ப் பக்கம் இருந்தன. பிறகு சியாமளாவைப் பார்த்து. யாரும் தொடவில்லை. போர்வை முறுக்கிக்கொண்டு கூடவே போயிற்று.

டிரம் ஒரு சுற்று. மீனு ஒரு சுற்று.

சியாமளா இரண்டு கைகளாலும் டிரம்மின் விளிம்பைப் பிடித்தாள். தோல் உரிந்தது. நிற்கவில்லை. கட்டிலின் நடுவில், கண்ணைத் திறக்காமல், ஈரத் தலைமுடி மெத்தையில் வட்டமாகக் கோடு இழுக்க, மீனு சுற்றிக்கொண்டிருந்தாள். மிஷின் வேகம் பிடித்தது.