வெயில் ஆகாத ஆறு வாரம்

புதுக்கோட்டையிலிருந்து கீரமங்கலம் போகும் பஸ்... சித்திரை வெயில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜஸ்டின் ஷட்டரைத் தூக்கினான். இரண்டு இடம் தள்ளியிருந்த பெண் கை நீட்டி இறக்கினாள்.

"காத்து வேணுமேங்க..."

"வேணாங்க."

மறுபடி தூக்கினான். மறுபடி இறக்கினாள். அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான். கறுத்து, நிறைந்து, எந்த நேரமும் கொட்டிவிடும் மேகம் போல... கை தானாக ஷட்டரை விட்டது.

நடுவில் அவள் அப்பா மரியசெல்வம். இந்த வேக்காட்டில் ஸ்வெட்டர், கையுறை, குரங்குக் குல்லா, கூலிங் கிளாஸ்.

"பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறேன்னு நெனச்சுக்காதீங்க தம்பி," என்றார் கரகரத்த குரலில். "வெளிச்சம் பட்டா தோலு வெந்துரும்."

மகள் ஷெரின் சுருக்கமாகச் சொன்னாள். உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோ ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கவில்லை. அதனால் வெளிச்சத்தில் வேலை செய்யும் மருந்தை ஏற்றி, லேசர் வைத்தார்கள். ஆறு வாரம் வெயில் ஆகாது.

ஜஸ்டினின் முகம் செத்துவிட்டது. "நான் அதுலதாங்க ஆராய்ச்சி பண்றேன். மருந்துக்கு அசையாத புற்றுச் செல்லை வெளிச்சம் எப்படிச் சாய்க்குதுன்னு..."

"அப்படியிருந்துமா ஷட்டரைத் தூக்குனீங்க?"

"கண்ணாடித் தட்டுல செல்லாத்தாங்க பாத்திருக்கேன்... ஆளா பாத்ததில்ல."

மரியசெல்வம் குலுங்கிச் சிரித்தார், வீட்டு விலாசமும் கொடுத்தார். ஷெரின் சிரிக்கவில்லை. சட்டென்று ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்...

ஞாயிற்றுக்கிழமை கறுப்புத் துணியோடு வந்து அவர்கள் வீட்டு ஜன்னல்களை மறைத்தான். அடுத்த ஞாயிறும் வந்தான். மறைக்க ஜன்னல் மிச்சமில்லை.

ஷெரின் வாசலிலேயே மறித்தாள். "பரிதாபப்பட்டு வர்றதா இருந்தா வராதீங்க. எங்க அப்பா ஒங்க ஆராய்ச்சி எலி இல்ல."

வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். இரண்டு ஞாயிறு வரவில்லை. இரண்டாவது ஞாயிறு அவள் எட்டுத் தரம் வாசலுக்குப் போய்வந்தாள்... காற்று வாங்கவாம்.

அந்த வியாழன் நல்ல மழை. சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான்.

"நாளைக்கு ஸ்கேனாமே. அப்பா போன்ல சொன்னாங்க."

"ரிசல்ட் பாத்துட்டே வந்திருக்கலாம்ல?"

"நல்லா வந்தா சந்தோஷத்துல சரின்னுருவீங்க. வரலைன்னா கேக்க எனக்கு வாய் வராது. அதான் இன்னைக்கே..." தொண்டையைச் செருமினான். "ஒங்களைப் புடிச்சிருக்குங்க. அப்பாவுக்காக வந்தது மொத ஞாயிறு மட்டுந்தான்."

அவள் கண்கள் தளும்பின. "மெதுவாப் பேசுங்க... அப்பா தூங்குறாங்க."

"தூங்கலம்மா," என்றார் மரியசெல்வம் இருட்டறைக்குள்ளிருந்து. "நீ பதிலைச் சொல்லு."

ஷெரின் தலைகுனிந்தாள். மழைச் சத்தத்தில் அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்கும் புடிச்சிருக்கு..." என்றாள்.

"இங்கிட்டுக் கேக்கல," என்றார் மரியசெல்வம்.