கணப்பில் மூடிய நீறு

ஈரக் காலுறையை போலீஸ் ஸ்டேஷன் ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டு, இன்றைக்காவது யாரும் வராமல் இருக்கவேண்டும் என்று சார்ஜென்ட் ஃபெஸ்டி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் டனூட்டா உள்ளே வந்தாள். குடையைக்கூட மடக்கவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

“இதுல அஞ்சு வீட்டுச் சாவி இருக்கு சார்ஜென்ட். வாரக் கடைசிக்குள்ள ஒண்ணுகூட மிஞ்சாது.”

போலந்திலிருந்து வந்து இந்தக் கடற்கரை மீனவன் ஒருவனைக் கட்டிக்கொண்டவள். முனையிலுள்ள விடுமுறை வீடுகளைச் சுத்தம் செய்வது அவள் பிழைப்பு. வருகிறவர்கள் வாரக்கணக்கில் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். கூட்டிப் பெருக்குவது டனூட்டா.

அப்படி ஒரு வீட்டில், உள்ளூர்க்காரி நாப்லா வாடகைக்கு விட்ட வீட்டில், டப்ளின்காரர் ஹார்டிமனும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். செவ்வாய் மாலைப் படகில் எதிரே தெரியும் தீவுக்குப் போனார்கள். காற்று எழும்பிவிட்டதால் இரவு அங்கேயே தங்கிவிட்டு, புதன் காலையில்தான் திரும்பினார்கள். பூட்டு உடையவில்லை. மேசைமேல் இருந்த கேமராவைத்தான் காணோம்.

“நான்தான் எடுத்தேன்னு அவர் சொல்றார். கடைக்குப் போனேன். பேச்சு நின்னு போச்சு. ரொட்டியை வாங்கிட்டு வெளியே வந்தப்புறம்தான் மறுபடி பேச ஆரம்பிச்சாங்க. பேர் போயிடுச்சுன்னா யார் எனக்குச் சாவி தருவா?”

ஃபெஸ்டி பெருமூச்சோடு ஈரக் காலுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஸ்டேஷன் ஜீப் பழுதாகிக் கிடந்தது. தபால்காரி சீலியாதான் அவரைத் தன் வண்டியில் அந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஃபெஸ்டியோடு ஒரே வகுப்பில் படித்தவள். இந்தக் கரையில் எந்தத் துப்பும் தன்னைத் தாண்டிப் போகக்கூடாது என்று நினைப்பவள்.

“புளியங்கொம்பாப் பிடிச்சிட்டேன் ஃபெஸ்டி. அந்த டப்ளின்காரனே ஒளிச்சு வச்சிருப்பான். இன்சூரன்ஸ்.”

“போன மாசம் ஆடு காணாமப் போனதுக்கும் இன்சூரன்ஸ்னுதான் சொன்னே. அது உன் வண்டிக்குப் பின்னால நின்னுட்டிருந்துச்சு.”

“உனக்குப் பென்ஷன் நெனப்பு. அதான் மூளை ஓடல.”

“மூளை ஓடுது. முட்டிதான் ஓடல.”

ஹார்டிமன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். “மூணே மூணு சாவி. ஒண்ணு எங்ககிட்ட, ஒண்ணு வீட்டுக்காரம்மாகிட்ட, ஒண்ணு அந்த வேலைக்காரிகிட்ட. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“வேற என்ன போச்சு?”

“வேற எதுவும் போகல. இவ பர்ஸ் பக்கத்துலயேதான் இருந்துச்சு. தொடக்கூட இல்ல.”

“கேமராவுல என்ன படம் எடுத்திருந்தீங்க?”

“கடல்நாய், பாறை, சூரிய அஸ்தமனம். அப்புறம் கட்டிலுக்குப் பின்னால சுவர் முழுக்கக் கருப்பாப் பூசணம் பூத்திருக்கு, அதையும் எடுத்தேன். வீட்டை வாடகைக்கு விடற நிறுவனத்துக்கு அனுப்பப்போறேன்னு வீட்டுக்காரம்மாகிட்டயே சொல்லிட்டேன்.” அவர் கணப்பைக் காட்டினார். “திருடறதுதான் திருடினா, வந்த வேலையையாவது செஞ்சாளா? சாம்பலை நடுவுல குவிச்சு அப்படியே போட்டுட்டுப் போயிட்டா.”

அவர் மனைவி ஒலிவியா மெல்லச் சொன்னாள்: “ஆனா தீவுலேருந்து திரும்பின அன்னிக்கு ஒருநாள்தான் எனக்குக் கஷ்டமில்லாம நெருப்பு பத்திச்சு. மத்த நாளெல்லாம் காலையில ஒரே குளிர்ச் சாம்பல். அன்னிக்கு அணைஞ்சுபோச்சுன்னு கிளறினேன், உள்ள செக்கச்செவேல்னு இருந்துச்சு.”

சீலியா இதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னல் தாழ்ப்பாளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபெஸ்டி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நாப்லாவையும் டனூட்டாவையும் கூட்டிட்டு வா சீலியா. ஒரு டீயும் போடு.”

நாப்லா இருமிக்கொண்டே வந்தாள். கழுத்தில் கம்பளித் துணி. “செவ்வாய்க்கிழமை மத்தியானம் படுத்தவ, மறுநாள்தான் எழுந்தேன். இந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல. நம்பிச் சாவி குடுத்தேன், என்ன செய்ய?” டனூட்டா இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை. டனூட்டா கதவோரமாக நின்றாள்.

ஃபெஸ்டி டீயைக் குடித்து முடித்தார். சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த மண்கட்டிகள் கணப்பில் சோம்பலாக எரிந்துகொண்டிருந்தன.

“எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுக்கணும். திரும்ப நேரமாகும். டனூட்டா, நெருப்பை இப்படியே விட்டுட்டுப் போகமுடியாது, நீ பாத்துக்கோ.”

டனூட்டா இரும்பு வாளியையும் முறத்தையும் இடுக்கியையும் எடுத்துவந்தாள். குனிந்து, தணலும் சாம்பலுமாகச் சேர்த்து வாளியில் அள்ளத் தொடங்கினாள்.

“அடியே, என்ன பண்றே? உயிரோட இருக்கற நெருப்பை யாராவது அள்ளிக் கொட்டுவாங்களா?” நாப்லா எழுந்துபோய் இடுக்கியைப் பிடுங்கினாள். தணலை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தாள். சுற்றியிருந்த நீற்றை இழுத்து மேலே போர்த்தினாள். முறத்தின் முதுகால் இரண்டு தட்டு. பார்ப்பதற்குச் செத்த சாம்பல் மாதிரி, நடுவில் ஒரு சின்ன மேடு. இவ்வளவு நேரமும் அவள் ஒருதரம்கூட இருமவில்லை.

“அன்னிக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு,” என்றாள் ஒலிவியா.



“இருப்பா,” என்றாள் சீலியா. “இதை இந்தக் கரையில யாருதான் செய்யல? தினம் ராத்திரி நானும்தான் செய்யறேன்.”

“அதனாலதான் உன் கண்ணுல படல. எனக்கும் பட்டிருக்காது, இவர் அதையே ஒரு குத்தமாச் சொன்னாரே, அப்பத்தான் பட்டுச்சு.” ஃபெஸ்டி முட்டியைத் தடவிக்கொண்டார். “சாயங்காலம் கிளம்பறப்போ எரிஞ்ச நெருப்பை அப்படியே விட்டா விடியறதுக்குள்ள செத்துடும். இவங்களுக்கு ஒவ்வொரு நாளும் அதுதானே நடந்துச்சு. செவ்வாய்க்கிழமை ராத்திரி யாரோ அதுக்கு நீறு போர்த்தியிருக்காங்க. கரையில உள்ளவங்கதான். ஆனா பூட்டைத் திறந்து வரணுமே. இருக்கறது மூணு சாவி. ஒண்ணு தீவுல இருந்துச்சு. இன்னொண்ணு வச்சிருக்கறவ ரேடியேட்டர் போட்ட அடுக்குமாடியில வளந்தவ, நெருப்பை வாளியில அள்ளற ஆளு. மிச்சம் ஒண்ணு. பர்ஸை விட்டுட்டு படத்தை மட்டும் எடுத்துட்டுப் போகற ஆளு.”

நாப்லா இடுக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“தூக்கறதுக்காகத்தான் வந்தேன்,” என்றாள் கடைசியில். “வந்தா, நெருப்பு சாகப்போகுது. எங்கம்மா கும்பிட்டு மூடின கணப்பு அது. கை சும்மா இருக்கல. சுவரைக் காயவச்சுப் பூச ஒரு வெயில் வேணாமா? இந்த ஊர்ல எந்த வருஷம் வெயில் அடிச்சுது? அந்தப் படம் போயிருந்தா வீட்டைப் பட்டியலை விட்டே எடுத்திருப்பாங்க. கேமரா என் மாவுத் தொட்டியில இருக்கு, நனையாம.” பிறகு தணிந்த குரலில், “டனூட்டா பேரை நான் சொல்லல ஃபெஸ்டி. அவங்களாச் சொன்னாங்க. நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.”

“அந்தச் சும்மாவைத்தான் அவ ரெண்டு நாளா சுமந்துட்டு இருக்கா.”

ஹார்டிமன் தொண்டையைச் செருமினார். “கேமரா கிடைச்சாப் போதும். எனக்கு வழக்கு கிழக்கெல்லாம் வேண்டாம்.”

“எனக்கு வேணும்,” என்றாள் டனூட்டா.  “வழக்கு இல்ல. கடையில வந்து சொல்லணும். எங்க சொன்னாங்களோ அங்கயே. ரெண்டு பேரும்.” கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி டீக்கோப்பை அருகே வைத்தாள். “வாளியில தணல் இருக்கு. பாத்துக் கொட்டுங்க.”

நாப்லா அந்தச் சாவியையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கம்பளித் துணியைத் தலைக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டாள்.

தபால் வண்டியில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு போனார்கள்.  நாப்லாவும் ஹார்டிமனும் கடைக்குள் போனார்கள். டனூட்டா வெளியே குடைக்குள் நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் நாப்லாவின் உதடுகள் அசைந்தன. கூடைகளோடு நின்றவர்கள் திரும்பினார்கள். ஹார்டிமன் தொப்பியைக் கழற்றினார்.

“உள்ள போய்ப் பாக்கலாமா?” என்றாள் சீலியா.

“நான் இங்கயே இருக்கேன். காலெல்லாம் ஈரம்.”

நாப்லா தலைகுனிந்தபடி வெளியே வந்து, யாரையும் பாராமல் மழையில் நடந்தே போனாள். அதற்குப் பிறகுதான் டனூட்டா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பேச்சு நின்றது. அன்றைக்கு நின்றது போலவே. ஃபெஸ்டி வண்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

கடைக்காரி கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். “எப்பவும் வாங்கற ரொட்டிதானே டனூட்டா?”

“அதேதான்,” என்றாள் டனூட்டா.

ஃபெஸ்டி கண்ணாடியை ஏற்றினார். “கிளம்பு சீலியா,” என்றார். “வீட்ல நெருப்பை மூடாம வந்துட்டேன்.”