ஐந்தாவது கை

வெட்டிய கை திரும்ப வந்திருந்தது.

ஜாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மறுபடி எண்ணினாள். ஐந்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் மரபணுச் சோதனைக்காக இந்த நட்சத்திர மீனின் ஒரு கையை அடியோடு வெட்டியவள் அவளேதான். இது மட்டுமா? இந்த அறையில் இருக்கிற நானூறு ஜாடியிலும் ஆளுக்கொரு கை வெட்டியிருக்கிறாள். உயிருள்ள நட்சத்திர மீனுக்குக் கை முளைக்கும்தான். இதுவோ மூன்று வருஷமாக ஆல்கஹாலில் ஊறுகிற பிணம்.

ஜாடியையே மாற்றிவிட்டாரோ? நிலையத்தின் தலைவர் எதற்கும் துணிந்தவர். ஆத்திரத்தில் அந்த விளக்கமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஆய்வு நிலையத்தின் நிலவறையில் ஜன்னல் கிடையாது. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், பழைய ரப்பரும் ஆல்கஹாலும் கலந்த, தொண்டையின் பின்புறம் போய் ஒட்டிக்கொள்கிற வாடை, எங்கோ சொட்டுகிற கடல்நீர்க் குழாய். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விளக்கு தானே அணையும், தலைவரின் சிக்கனம். கதவருகே போய் மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும்.

அவள் தேடி வந்தது ஒரு சீட்டை. பிடித்த இடத்திலேயே பென்சிலில் எழுதி ஜாடிக்குள் போடுகிற சீட்டு. அதை என்றைக்கும் வெளியே எடுக்கக் கூடாது. தப்பாக இருந்தாலும் பக்கத்தில் இன்னொன்றைத்தான் போட வேண்டும். நாள், முழங்கால் ஆழம், எந்தப் பாறைக்கு அடியில், கண்டெடுத்தவள் யார் எல்லாம் அவள் கையெழுத்தில் அதில் இருந்தன. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அது. இப்போது ஜாடிக்குள் அச்சடித்த சீட்டு மட்டும் மிதந்தது. கண்டெடுத்தவர்: தலைவர். இனத்தின் பெயர்: தலைவரின் மனைவி பெயர். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

மேல்மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த தலைவரை போனில் பிடித்தாள்.

"சார், என் சீட்டு எங்க?"

"அந்தப் பழசா? எழுத்தே மங்கிப் போச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன்."

"பென்சில் எழுத்து மங்காது சார். அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

"லீவு நாள்லயும் சண்டையா? கட்டுரையில நன்றி சொல்ற பக்கத்துல உன் பேரு இருக்குல்ல? கை வெட்டினதைத் தவிர நீ வேற என்னம்மா பண்ணின? ஜாடியை மேல கொண்டு வா. நாளைக்கு வெளிநாட்டு மியூசியத்துக்கு அனுப்பணும்."

கை வெட்டினதைத் தவிர. எட்டு வருஷம் கடல் உள்வாங்கும் நேரமெல்லாம் பாறையில் குப்புறப் படுத்துத் தேடியவள் அவள். உப்பில் வெந்த முழங்கை இன்னும் ஆறவில்லை. மற்ற எந்தக் கரையிலும் இல்லாத, பரிணாம மரத்தின் எந்தக் கிளையிலும் ஒட்டாத ஓர் உயிர் என்று நானூறு இனங்களோடு ஒப்பிட்டுச் சொன்னவளும் அவள்தான். பெற்றவள் இருக்க, பேர் வைக்க வந்துவிட்டார்!

இந்த ஓர் உடம்பை ஆதாரமாக வைத்துத்தான் அந்தப் பெயர் நிற்கிறது. உடம்பு போனால்?

கையுறையை மாட்டினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். ஆல்கஹாலில் கிடந்தது விறைத்திருக்க வேண்டும். இது பச்சைச் சதையாகக் குழைந்து வெட்டுப்பட்டது. அதையும் அவள் கவனிக்கவில்லை. ஐந்து துண்டு. கழுவுதொட்டியின் சல்லடையைப் பிடுங்கி எறிந்து, கடல்நீர்க் குழாயை முழுக்கத் திறந்தாள்.

"போ. உன் பேரோட போய்ச் சேரு!"

துண்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. விளக்கு அணைந்தது.

தடவிப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். குழாயை மூடினாள். தண்ணீர் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. சுவருக்குள், குழாய்க்குள், மேலே ஏறுகிற சத்தம். மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிய நட்சத்திர மீனைப் பிய்க்கும்போது நூறு சின்னக் கால்கள் ஒவ்வொன்றாக விடுபடுமே, அதே 'பிச், பிச்'.

அப்போதுதான் நினைவு வந்தது. முதல் வருஷ வகுப்பில் ஆண்டுதோறும் அவள் சொல்லும் கதை. சிப்பிகளைத் தின்கிறதே என்று ஆத்திரப்பட்டு நட்சத்திர மீன்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கடலில் வீசினார்களாம். ஒவ்வொரு துண்டும் ஒரு முழு மீனாக வளர்ந்து வந்ததாம். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று முடிப்பாள். வகுப்பே சிரிக்கும்.

போன் அடித்தது.

"ஏம்மா, இங்க பாத்ரூம் குழாய்ல என்னமோ வருது. கை மாதிரி... நிறைய வருது..."

ஓடுங்க சார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கதவைச் சாத்திட்டு ஓடுங்க. அவள் சொல்லவில்லை.

"எனக்கென்ன சார் தெரியும்? கை வெட்டினதைத் தவிர நான் வேற என்ன பண்ணினேன்?"

அலறல். நாற்காலி விழுந்தது. நட்சத்திர மீன் இரையை விழுங்குவதில்லை. தன் வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளி, அதை இரைமேல் போர்த்திக் கரைக்கும். அந்த ஈரச் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. இடையில் அவர் குரல், கரைந்து.

"உன் பேரு... உன் பேரையே போட்டுடறேம்மா..."

பிறகு ஒன்றுமில்லை. இணைப்பு மட்டும் அறுபடாமல் இருந்தது.

விளக்கு அணைந்தது.

பொத்தான் கதவருகே. வழியில் கழுவுதொட்டி. அதற்குள் பிச். பிச்.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு அலமாரியில் இடித்தது. கண்ணாடிகள் குலுங்கின. போன் வெளிச்சத்தைத் திருப்பினாள்.

முதல் ஜாடி. ஐந்து கை.

அடுத்தது. ஐந்து.

அதற்கு மேல் தட்டு. ஐந்து. ஐந்து. ஐந்து.

நட்சத்திர மீனின் கை நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. அதுதான் அதன் கண். நானூறு ஜாடிகளிலும் புதிதாய் முளைத்த கை ஒன்று கண்ணாடியில் அழுந்தியிருந்தது. நானூறு சிவப்புப் புள்ளிகள், அவளைப் பார்த்து.

மேல் தட்டில் ஒரு மூடி, மெதுவாக, தானே சுழன்று கழலத் தொடங்கியது.