மூச்சுக்கு உரிமம்

செவ்வாய்க் கோளின் சுரங்க ஊரான மருதக்குழியில் பல் துலக்கும்போதே நுரையீரலையும் புதுப்பித்துக்கொள்வார்கள். வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் மார்புக்குள் இருக்கும் செயற்கை நுரையீரல் புதிய நிரலை ஏற்றிக்கொண்டுவிடும்.

அந்த நிரலின் மூலத்தை எழுதியவர்கள் அஞ்சுகமும், சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி வழுதியும். ஊருக்கே இலவசமாகக் கொடுப்பதில் இருவருக்கும் ஒரே மனம். எந்த உரிமத்தில் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

"பகிர்வுரிமம் போடுக்கா. மாத்தி எழுதுறவன் அந்த மாத்தத்தையும் எல்லாருக்கும் திறந்து காட்டணும்," என்றான் வழுதி.

"கொடுத்தப்புறம் என்னடா நிபந்தனை? எடுத்தவன் என்ன வேணா பண்ணிக்கட்டும். அதுக்குப் பேருதான் சுதந்திரம்."

மூத்தவள் சொல்லே நின்றது. தாராள உரிமத்தில் நிரல் வெளியானது.

சுரங்க நிறுவனம் அதை எடுத்து, தன் நிரல்வரிகளைச் சேர்த்துப் பூட்டி, தொழிலாளர் எல்லோருக்கும் ஏற்றியது. என்ன சேர்த்தார்கள் என்பது வேலைநிறுத்தத்தன்றுதான் தெரிந்தது. வாயிலில் கோஷமிட்டவர்களின் முன்வரிசை ஒரே நேரத்தில் மடங்கி விழுந்தது. மார்பைப் பிறாண்டிப் பிறாண்டி, உதடு நீலம் பாரித்துச் செத்தார்கள். பின்னாலிருந்து ஓடிவந்த அஞ்சுகத்தின் மடியில் வழுதி துடித்து அடங்கினான். அவன் நகங்கள் அவள் கையில் பதிந்திருந்தன.

மிஞ்சியவர்களுக்குப் பூட்டில்லாத பழைய நிரலை ஏற்றினாள். நுரையீரல் தங்கள் வசமானதும் அவர்கள் துளைக்கம்பிகளோடு கட்டுப்பாட்டு அறைக்குள் புகுந்தார்கள். காவலர்களின் எலும்புகள் முறிந்தன. தரை ரத்தத்தில் வழுக்கியது.

மேலாளர் துரைக்கண்ணு மேசைக்கடியிலிருந்து கைகூப்பினார். "சட்டப்படிதாம்மா செஞ்சோம். என்ன வேணா பண்ணிக்கலாம்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

அஞ்சுகத்தின் கையிலிருந்த கம்பி அவர் வாயில் இறங்கியது. அவர் பேச்சு நின்ற பிறகும் அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. மற்றவர்கள்தான் இழுத்துப் பிடித்தார்கள்.

பிறகு பகிர்வுரிமத்தில் புதிய நிரலை வெளியிட்டாள். மருதக்குழி ஓராண்டு நிம்மதியாக மூச்சுவிட்டது.

அப்போது வேறொரு நிறுவனம் வந்தது. யாருடைய நிரலையும் தொடாமல் தானே எழுதிய நுரையீரல் நிரல்; பகிர்வுரிமம் அதைக் கட்டுப்படுத்தாது. மூச்சுக்கு ஏற்றாற்போல் காதில் பாட்டுப் பாடும். எதையும் ஒளிக்கவும் இல்லை. 'தேவைப்பட்டால் மூச்சை நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று நல்ல தமிழிலேயே எழுதியிருந்தது.

அஞ்சுகம் வீடு வீடாக ஓடினாள். "படிச்சுப் பாருங்க. ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

அந்த முன்வரிசையில் கணவனைப் பறிகொடுத்த செல்லக்கிளியின் விழித்திரையில் அந்த உரிம வாசகம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவையும் யாருக்கா படிப்பாங்க? பாட்டு நல்லாருக்கே," என்று சொல்லிக் கண் சிமிட்டினாள்.

'சம்மதம்' என்று பதிவானது.