முகம் கடைசியில்தான்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் என்ற முறையில், என் இரண்டு கண்ணில் எது இன்னும் ஒழுங்காகத் தெரிகிறதோ அந்தக் கண்மேல் ஆணையாகச் சொல்கிறேன். பொய் சொல்கிற வயதை நான் தாண்டியாயிற்று. அதற்கெல்லாம் ஞாபகசக்தி வேண்டும்.

பள்ளி விட்டதும் மாடியில் கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு கிளப் நடத்தினார். பிள்ளைகள் திரையில் பொம்மை வரைவார்கள். ‘பத்து அடி நட’, ‘சுவரில் முட்டினால் திரும்பு’ என்று எழுதிய வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையிலேயே கோத்துக் கொடுத்தால் பொம்மை அதன்படி நடக்கும். கோக்காவிட்டால் கண்ணிமைகூட அசையாது.

டீச்சர் அங்கே இரண்டு வழக்கம் வைத்திருந்தார். ஒன்று, முகம் கடைசியில்தான். கை, கால், நடை எல்லாம் பிழையில்லாமல் ஓடின பிறகே கண்ணும் மூக்கும். இல்லாவிட்டால் இதுகள் ஒரு மாதம் இமைமுடியே வரைந்துகொண்டிருக்கும் என்பார். இன்னொன்று, எல்லாருடைய பொம்மையும் ஒரே வரைபடத்தில் இருக்கும். வரைபடம் என்றால் அதே அறைதான், மேலேயிருந்து பார்த்த மாதிரி: அதே மேஜைகள், அதே நாற்காலிகள், அதே கதவு, வெளியே கொஞ்சம் நடைபாதையும் படிக்கட்டும். வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் தங்கள் பொம்மையைக் கதவு வழியாக வெளியே நடத்திவிட்டுத்தான் பையைத் தூக்க வேண்டும். திரையில் அறை காலியானால் டீச்சர் விளக்கை அணைத்துப் பூட்டிவிடுவார். தலையை எண்ணுகிற வேலை மிச்சம்.

ஒருநாள் எல்லாரும் போய்விட்டார்கள். திரையில் மட்டும், மூலை நாற்காலியில், ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது.

முகம் இல்லை. அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை, பாதிப் பொம்மைகளுக்கு இல்லைதான். எவனோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, டீச்சர் தன் மவுஸால் அதைப் பிடித்து இழுத்துக் கதவுக்கு வெளியே விட்டார். அந்த நேரம் மூலை நாற்காலியின் சக்கரம் லேசாகக் கிரீச்சிட்டது. காற்று என்று வைத்துக்கொண்டார். ஜன்னல் சாத்தியிருந்தது என்பது படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் விசாரித்தார். யாரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. சோடாபுட்டி என்று கூப்பிடப்பட்ட பையன் கண்ணாடியைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, “மிஸ், அது ஷூ லேஸ் கட்டியிருக்கு. எங்கள்ல யாருக்கு அவ்ளோ பொறுமை?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டேதான் அந்தப் பொம்மையின் கட்டளைப் பலகையைத் திறந்தார்.

காலி. ஒரு கட்டைகூட இல்லை.

ஆனால் பொம்மை நின்றுகொண்டிருந்தது கதவுக்கு வெளியே அவர் விட்ட இடத்தில் அல்ல. கதவைத் தாண்டி, நடைபாதையில், படிக்கட்டுப் பக்கமாக.

அழித்தார். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாக என்றார். அடுத்த வகுப்பில் அது படிக்கட்டின் கீழே நின்றது.

இதில் நடந்த தப்பு டீச்சருடையதுதான். அந்த மாதப் பாடம், கதவுக்கு வெளியே இருக்கும் உலகத்தை வரைவது. எடுத்த பாடத்தை நடுவில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. ஒருவன் கேட் வரைந்தான், ஒருத்தி தெருவிளக்கு வரைந்தாள், இன்னொருத்தி நனைந்த நாயோடு பஸ் நிறுத்தம் வரைந்தாள். டீச்சரின் சொந்த மகள் தங்கள் வீட்டை வரைந்தாள்.

அவளுக்கு மிளகு என்று பட்டப்பெயர். அளவும் காரமும் அப்படி. கிளப்பில் அம்மாவை மிஸ் என்பாள், வீட்டில் வா போ என்பாள், இரண்டுக்கும் நடுவில் மாடிப்படியில் ஏதாவது வம்பு செய்வாள். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். வீட்டை அவள் வரைந்ததில் ஒன்றும் குறையில்லை. செருப்பு ஸ்டாண்ட், சொட்டுகிற குழாய், தாழ்ப்பாள் சரியாக விழாத பின்கதவு, அம்மா தூங்குகிற பக்கம் எது என்பது வரைக்கும். அம்மாவுக்கென்று ஒரு பொம்மைகூட உள்ளே வைத்திருந்தாள், கண் மையோடு.

முகம் இல்லாதது ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் தள்ளி நின்றது. கேட். பிறகு தெருவிளக்கு. பிறகு பஸ் நிறுத்தம். அன்றைக்கு நாய் படத்தில் இல்லை, யாரும் அழிக்கவும் இல்லை. அது செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்ற அன்று டீச்சர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டை அழித்துவிடு என்றார்.

“அழிச்சா அது எங்க போகும்மா, பாவம்,” என்றாள் மிளகு.

 டீச்சர் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று படத்து வீட்டை அப்படியே விட்டுவைத்தார்.

மழை வந்த சாயங்காலம் பிள்ளைகள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அறையில் அம்மாவும் மகளும் மட்டும். ஈரச் சுவரின் வாசனையும், நாளெல்லாம் ஓடிச் சூடேறிய கம்பிகளின் வாசனையும், யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸின் புளித்த வாசனையும் ஒன்றாகக் கலந்து, மூக்கில் ஈரத்துணி போலப் படிந்தது. கூரைத் தகரத்தில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் மிளகின் பொம்மை, ரெட்டைச் சடையும் விழுந்த முன்பல்லுமாக, தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்த டீச்சர் பார்த்துவிட்டார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டுக்குள்ளேயும் இல்லை. தெருவில், கேட்டில், படிக்கட்டில், எங்கேயும் இல்லை. ஒருவழியாகத் தொலைந்தது என்று மூச்சு விட்டபோதுதான் திரையில் மூலை நாற்காலி கண்ணில் பட்டது. அது காலியாக இல்லை.

கரண்ட் போனது.

பேட்டரிப் பெட்டி இருட்டில் பீப், பீப் என்று கத்தியது. திரைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மிளகு, வா, கிளம்பலாம் என்றார் டீச்சர். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. நாற்காலிச் சக்கரம் கிரீச்சிட்டது. சின்னக் கை ஒன்று வந்து அவர் கைக்குள் நுழைந்தது. ஜில்லென்று இருந்தது. மழைக்குளிர். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டார், படி இறங்கினார்.

இரண்டு பேரும் ஒரே குடையில் கேட்டைத் தாண்டியதை நான் பார்த்தேன். வழக்கமாக மிளகு ஒரு குட்டையை விடமாட்டாள், குதித்துக் குதித்து என் கால்சட்டை வரைக்கும் நனைத்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு ஒவ்வொரு குட்டையையும் சுற்றிக்கொண்டு, குடைக்குக் கீழேயே தலையை வைத்துக்கொண்டு நடந்தாள். நல்ல பிள்ளையாக. பெரிய மனுஷி ஆகிவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். தெரியும்.

வீட்டிலும் கரண்ட் இல்லை. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம். பெண் நேராக மேஜைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, எதையோ வரைய ஆரம்பித்தாள். பசிக்குது என்று கத்தவில்லை. பையை விசிறி எறியவில்லை. பென்சில் மட்டும் சரக் சரக் என்று ஓடியது. குழாய் சொட்டியது. டீச்சர் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, செல்போன் இணைப்பில் லேப்டாப்பைத் திறந்தார். வீட்டை முதலில் அழித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

வரைபடம் திறந்தது.

வகுப்பறையில் ஒரு பொம்மை இருந்தது. ரெட்டைச் சடை. விழுந்த பல். அது கதவில் போய் முட்டியது. பின்னால் வந்தது. மறுபடியும் முட்டியது. கட்டளைப்படி நடக்கிற நடை இல்லை அது. கதவைத் திறக்க முடியாமல் தவிக்கிற நடை.

டீச்சர் மெதுவாகப் படத்தை நகர்த்தினார். நடைபாதை. கேட். தெரு. வீடு.

வீட்டில் அவருடைய பொம்மை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஷூ லேஸ் ஒழுங்காகக் கட்டியது.

செல்போன் அடித்தது. நான்தான் பேசினேன்.

“டீச்சரம்மா, பாப்பாவ உள்ளயே வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்களே. அழுதுகிட்டே கதவைத் தட்டுது. அந்த ரூம் சாவி உங்ககிட்டதான இருக்கு?”

பென்சில் சத்தம் நின்றிருந்தது. குழாய்ச் சொட்டும் நின்றிருந்தது. அந்தக் குழாய் அந்த வீட்டில் ஒருநாளும் நின்றதில்லை.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஈரச் சுவரின் வாசனை.

“அம்மா,” என்றது. குரல் மிளகுடையதேதான். “எல்லாம் பிழையில்லாம ஓடுது. இனிமே முகம் வரையலாம்ல? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.”

வீட்டில் மிளகு அவரை ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

திரும்பவில்லை. திரும்பக் கூடாது. சாவி பையில். பை கதவருகில். கதவு எட்டடி. போனுக்குள் நான் அலோ, அலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால், தூரத்தில், சின்னக் கைகள் மரக்கதவைத் தட்டுகிற சத்தம்.

திரையில் ஏதோ அசைந்தது.

அவருடைய பொம்மையின் இடது புருவம் காணாமல் போயிற்று. பிறகு அந்தக் கண். ரப்பரால் தேய்த்த மாதிரி, சுத்தமாக. பின்னால் நின்றதன் வெற்று முகத்தில் ஒரு புருவம் வந்தது. அதற்குக் கீழே ஒரு கண். அதே மை, அதே களைப்பு. அது இமைத்தது.

டீச்சர் தன் இடது கன்னத்தைத் தொட்டார். மேலே விரலைக் கொண்டுபோனார். இன்னும் மேலே. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, வழவழவென்று தோல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேன் என்று ஒருவரை இதுவரை வைத்ததே கிடையாது.