கறுத்துப்போன ஊற்றுத் தண்ணீர்

"எங்க ஊற்றுத் தண்ணிதான் ஜெயிக்கும். வேணும்னா பாருங்க!" என்றான் எல்தியார்.

நாரின் ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பு மேசையில் நான்கு பாட்டில்கள் இருந்தன. எது சுத்தம் என்று சோதிக்க, வாய்க்கால், அடிபம்பு, தெருக்குழாய், எல்தியார் வீட்டு ஊற்று என நான்கு இடத்துத் தண்ணீர். டீச்சர் தந்த மருந்துத் தாளை ஒவ்வொன்றிலும் போட்டு, கணப்பு அருகே இருந்த அலமாரியில் வைத்தோம். தண்ணீர் கறுத்தால் அதில் கெட்ட கிருமி இருக்கலாம்.

அலமாரிச் சாவி என் தோழி பெகிமாயிடம் இருந்தது. நான் அவளுக்குத் துணை.

மூன்றாம் நாள் காலை, யாரும் வருமுன் திறந்தோம். வாய்க்கால் தண்ணீர் கறுத்திருந்தது. ஊற்றுத் தண்ணீரும் மை போலக் கறுத்திருந்தது!

"மாட்டினான்டி! என்னா பீத்து பீத்தினான்! எல்லாரையும் கூப்பிடட்டா?" என்று குதித்தேன்.

"சும்மா இரு, ஜிபார். அவங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு."

பெகிமாய் வாசலுக்கு ஓடி, அப்போதுதான் வந்த எல்தியாரை நிறுத்தினாள்.

"உங்க ஊற்றுத் தண்ணி கறுத்துப்போச்சு. கிளாஸ்ல சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"பொய்! பாட்டில மாத்திட்டீங்க!"

"மாத்தல. சாயங்காலம் வர்றோம், எங்கேருந்து அழுக்கு வருதுன்னு தேடலாம். அதுவரைக்கும் தங்கச்சிக்குக் காய்ச்சின தண்ணியே குடு."

அவன் கோபம் அப்படியே அடங்கியது. எனக்கும் வெட்கமாகப் போயிற்று.

மாலையில் மூவரும் ஊற்றுக்கு மேலே ஏறினோம். ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் புதிய ஆட்டுப்பட்டி. அங்கிருந்து புழுக்கை கரைந்த சேறு கசிந்து ஊற்றில் இறங்கியது.

"அப்பா போன மாசம்தான் கட்டினார்," என்றான் எல்தியார் மெல்ல. வீட்டில் அவனே விஷயத்தைச் சொன்னான்.

அவன் அப்பா கல்பாக் தொப்பியைத் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நாப்பது ஆட்டையும் என் படுக்கையிலயாடா கட்டுறது?" என்று முணுமுணுத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டியைப் பிடுங்கி ஊற்றுக்குக் கீழே நட்டார். நாங்கள் ஊற்றைத் தூர்வாரினோம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தோம். மூன்று நாளாகியும் தண்ணீர் கறுக்கவில்லை.

எல்தியார் கரும்பலகை முன் போய் நின்றான். "எங்க ஊற்று முதல்ல தோத்துப்போச்சு. அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்காம, கூட வந்து சரிபண்ணினது பெகிமாய்!"

பெகிமாயின் முகம் காது வரை சிவந்தது. "சரி சரி, அடுத்து யார் வீட்டுத் தண்ணி?" என்றாள் அவசரமாக.

வகுப்பில் எல்லார் கையும் உயர்ந்தது. டீச்சருடையதும்தான்.