மூன்றாவது கோழி

புதுக் கோழிகள் மூன்றும் வந்து ஐந்து நாளாகியும், பழைய கோழிகளில் ஒன்றுகூட அவற்றை வம்புக்கு இழுக்கவில்லை. தையல்காரியின் மனத்தில் முதலில் உறுத்தியது அதுதான்.

எட்டு வருஷமாகக் கோழி வளர்ப்பவள் அவள். புதிதாக எது வந்தாலும் எடுத்த எடுப்பில் கூட்டத்தோடு விடமாட்டாள். கூண்டின் நடுவே கம்பி வலையைக் கட்டி, ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடுவாள். அந்த ஒரு வாரமும் கொல்லையில் குழாயடிச் சண்டைதான். பழைய ஆறு கோழிகளுக்கும் தலைவியான ராங்கி, வலைமேல் பாய்ந்து பாய்ந்து தன் கொண்டையையே கிழித்துக்கொள்ளும். போன தடவை வந்த சாம்பல் நிறக் கோழிக்கு, மூன்று வாரம் அடி வாங்கிய பிறகுதான் இரவில் அடையும் கம்பின் ஓரத்தில் ஓர் இடம் கிடைத்தது.

இந்தத் தடவை சத்தமே இல்லை. கன்னங்கரேலென்ற அந்த மூன்றும் வலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றன. ராங்கியும் அதன் கூட்டமும் எதிர்மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒடுங்கிக் கிடந்தன. இரண்டு பக்கமும் வைத்த தீனி வைத்தபடியே இருந்தது.

"என்னடா இது, எல்லாம் பேயறைஞ்ச மாதிரி கிடக்குதுங்க?" என்றாள் தம்பியிடம்.

அவன் தச்சன். ஆள் நிமிர்ந்து நுழையும் உயரத்துக்கு அந்தக் கூண்டைக் கட்டிக் கொடுத்தவன். "சண்டை போட்டாலும் புலம்புற, போடலைன்னாலும் புலம்புற. அந்தக் கோழிங்க என்னதான்கா செய்யணும்?" என்று சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ஆறாம் நாள் தண்ணீர் மாற்ற உள்ளே போனாள். கூண்டின் வாசனை அவளுக்கு அத்துப்படி: ஈர மரத்தூள், எச்சம், புழுங்கிய இறகு. அன்றைக்கு அதன் நடுவே முகப்பவுடர் வாசனை வந்தது. எண்ணெய் வைத்து அழுந்தச் சீவிய கூந்தலின் வாசனை வந்தது. யாரோ ஒருத்தி முதுகுக்குப் பின்னால், மூச்சு படும் தூரத்தில் நிற்பதுபோல் இருந்தது. சட்டென்று திரும்பினாள். மூன்றாவது கோழி வலையோரம் வந்து அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கோழி என்றால் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். இது நேருக்கு நேராகப் பார்த்தது.

மறுநாள் மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் பாதியில் வைத்துவிட்டு, கோழிகளை விற்ற வாட்ச்மேனுக்கு ஃபோன் போட்டாள். பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைக் காவல் காப்பவர் அவர்.

"அந்தக் கோழிங்களை வளத்தது யாருங்கண்ணே?"

தொண்டையைச் செருமினார். "வீட்டுக்காரம்மாதான். அவங்க இப்ப இல்லம்மா."

"இறந்துட்டாங்களா?"

"அப்படியும் சொல்ல முடியல. ஒருநாள் சாயங்காலம் கோழியை அடைச்சிட்டு வரேன்னு கொல்லைக்குப் போனாங்களாம். திரும்பி வரல. போலீஸ்லாம் வந்து தேடிப் பாத்துட்டாங்க."

அவள் ஜன்னல் வழியாகக் கூண்டை எட்டிப் பார்த்தாள்.

"அவங்க தங்கச்சிதான் எல்லாத்தையும் வித்துடச் சொன்னாங்க," என்று அவரே தொடர்ந்தார். "ஆனா ஒன்னும்மா. அக்கா வளத்தது ரெண்டே ரெண்டுதான்னு அந்தம்மா சாதிக்கிறாங்க. மூணாவது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கும் புரியல. சரி, இருந்துட்டுப் போகுதுன்னு சேத்தே குடுத்துட்டேன்."

காசு திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, காலையில் மூன்றையும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தாள். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூன்றையும் இப்போதே சாக்கில் போட்டுக் கட்டிவைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஃபோன் தையல் மெஷின் மேலேயே கிடக்க, சாக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கூண்டுக் கதவு ஸ்பிரிங் வைத்தது. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். வெளிப்பக்கம் கொக்கி விழுந்துவிடும். வழக்கம்போலச் செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். இருட்டு கட்டினால் கோழிகள் கல்லாகச் சமைந்துவிடும், கையால் தூக்கினாலும் முனகாது. ஆனால் அவள் இரண்டடி வைப்பதற்குள் மூலையில் கிடந்த ஆறும் ஒரே நேரத்தில் எழுந்தன. சின்னக் கேறல்கூட இல்லாமல், அவள் கால்களுக்கு இடையே புகுந்து, தட்டுத் தடுமாறி, முண்டியடித்து வெளியே ஓடின. ராங்கி கடைசியாக வாசலைத் தாண்டியபோது செங்கல் புரண்டது.

கதவு அறைந்தது. கொக்கி விழுந்தது.

வலையில் விரல் விட்டுத் துழாவினாள். எட்டவில்லை. தோளால் இடித்தாள். தம்பி வேலை சுத்தமாகச் செய்பவன். ஒரு ஆணிகூட ஆடவில்லை. "யாராவது இருக்கீங்களா? இங்க மாட்டிக்கிட்டேன்!" என்று கத்தினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ சிரித்தார்கள். மறுபடியும் கத்தினாள். மறுபடியும் சிரித்தார்கள்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

நடுவில் கட்டிய வலை கட்டியபடியே இருந்தது. ஓட்டையில்லை, கிழிசலில்லை. ஆனால் மூன்றும் இந்தப் பக்கம் இருந்தன. பழைய கோழிகளின் கம்பில், அவள் மார்பு உயரத்தில், அருகருகே. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு.

பவுடர் வாசனை குப்பென்று ஏறியது.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். தம்பி இப்போது வந்துவிடுவான். வந்ததும் டீ கேட்பான். அதையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். குளிர் ஏறியது. கைகளை விலாவோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கைகளைப் பிரிக்கப் பார்த்தாள். பிரிய மறுத்தன. மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தாள். முழங்கால்கள் தாமாக மடிந்தன. மூன்றும் அவளையே பார்த்தன. அவசரமே இல்லாமல்.

கண் செருகியதா, தெரியவில்லை. விழித்தபோது காலடியில் தரை இல்லை. கம்பு இருந்தது. இடப்பக்கம் ஒரு சூடு. வலப்பக்கம் ஒரு சூடு.

எப்போது ஏறினாள்?

"அக்கா! அக்கோவ்!"

தம்பி. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. கதவுகள் திறந்து மூடின. செருப்புச் சத்தம் கொல்லைக்கு வந்தது. "நீங்கள்லாம் ஏன் மதில் மேல ஏறி உக்காந்திருக்கீங்க?" என்று ராங்கியிடம் கேட்டான். பிறகு ஃபோன் வெளிச்சம் கூண்டுக்குள் நுழைந்தது. தரையில் கிடந்த சாக்கைத் தொட்டது. கம்புக்கு ஏறியது. அவள் முகத்தில் விழுந்தது. கண் கூசியது.

வெளிச்சம் நிற்காமல் நகர்ந்தது.

கத்தினாள். டேய், நான்டா. இங்க இருக்கேன்டா. தொண்டை கிழியக் கத்தினாள்.

"அடடா, ஏன் இப்படித் தொண்டை கிழியுது?" என்றான் அவன். "அக்காவைக் காணோம்னு நானே பதறிக்கிட்டிருக்கேன். சும்மா இருங்க."

வெளியே இருந்த தீனி வாளிக்குள் கைவிட்டு, ஒரு பிடி சோளத்தை வலை வழியே வீசினான். அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே தெருப்பக்கம் ஓடினான். வெளிச்சம் அவனோடு போய்விட்டது.

கீழே, மரத்தூள் மேல் சோளம் மங்கலாகத் தெரிந்தது. மூன்றும் இறங்கின. தின்னவில்லை. விலகி நின்று அவளுக்கு வழி விட்டன.

மாட்டேன் என்று நினைத்தாள். கை நீட்ட மாட்டேன்.

கை நீளவில்லை. தலைதான் குனிந்தது.